ஊரை இழுத்துப் போன பிக்கப்

ஆவாரங்குளம் என்கிற ஊர் கிழக்குப் பக்கமாக நகரத் தொடங்கிய காலையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் முதல் நாள் அது ஒரு சாண் தூரம்தான் போனது, ஒரு சாண் போன ஊரில் அடுப்பு புகைவதும் ஆடு கத்துவதும் ஆட்கள் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு ஊர்க்கதை பேசுவதும் வழக்கம்போலத்தான் நடக்கும். தெரிந்தவன் தவசிலிங்கம் ஒருவன்தான். பழைய பிக்கப் வண்டி ஒன்றில் மிளகாய் வற்றலும் மல்லியும் வெள்ளரியும் ஏற்றிக்கொண்டு டவுன் சந்தைக்குப் போய் வருகிறவன் அவன், முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. புதிதாக மாட்டிய இஞ்சினுக்கு அன்றுதான் முதல் ஓட்டம். காலை ஆறு மணிக்கு கிளட்சை விட்டதும் பின்னால் கட்டியிருந்த ஏதோ கயிறு விறைத்தது மாதிரி வண்டி ஒரு கணம் நின்று, உறுமி, பிறகு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் நாற்பது வீடும் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குலுங்கு குலுங்கி அவன் பின்னாலேயே வந்தன. அவன் ஆச்சரியப்படவில்லை. ஏதாவது நடக்கும் என்று அவன் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த இஞ்சின் அந்த வண்டிக்குப் பிறந்ததல்ல. பிக்கப்பின் சொந்த இஞ்சின் பதினெட்டு வருசம் உழைத்துவிட்டு, சித்திரை மாதத்து வெயிலில், வெள்ளரி லோடோடு கண்மாய்க் கரை ஏற்றத்தில் கரும்புகை கக்கிச் செத்துப்போனது. தவசியின் அண்ணன் கோட்டைச்சாமிக்கு ஒரு ஏழு டன் லாரி உண்டு. ஒன்றரை வருசத்துக்கு முன்னால் பருத்திப் பொதிக்கு மேல் ஏறி நின்று தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். லாரி அன்றிலிருந்து டவுனில் மெக்கானிக் ஞானமுத்து பட்டறைக்குப் பின்னால் கோணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. தினமும் கோட்டைச்சாமி தம்பியிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "லாரி எப்படிலே இருக்கு?" தவசி தினமும் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "ராசா மாதிரி நிக்குதுண்ணே."

ராசாவின் நெஞ்சைத்தான் தவசி கழற்றச் சொன்னான். ஞானமுத்து நெடுநேரம் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், சாணால் அளந்தார். "குறுக்குச் சட்டத்த அறுத்துப் புதுசா வெல்டு வைக்கணும், முன்பக்கம் ரெண்டு பட்டை கூடுதலாப் போடணும், கியர்பாக்ஸையும் சேத்து மாத்தணும், ரேடியேட்டர் உள்ள நிக்காது, மூடிய வெட்டித்தான் வைக்கணும். எல்லாம் செஞ்சிரலாம். உங்க அண்ணன்கிட்டக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்" என்றான் தவசி.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் கொடுத்திருப்பார், அது தவசிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட்பது என்றால், நீ இனி அந்த லாரியை ஓட்டப் போவதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும், எழுந்ததும் லாரிக்குப் பச்சைப் பெயிண்டா நீலப் பெயிண்டா என்று படுத்துக்கொண்டே யோசிக்கிற மனுசனிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை வந்தது, அமாவாசை கழியட்டும் என்று நினைத்தான். அமாவாசையும் கழிந்தது, இஞ்சின் வண்டியில் உட்கார்ந்தும்விட்டது.

ஆவாரங்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதுவண்டி எடுத்தாலும், பழைய வண்டிக்குப் புதுசாக ஏதாவது மாட்டினாலும், முதல் ஓட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நூல் கொடுத்து முன் பம்பரில் கட்டச் சொல்வார்கள். எல்லா வீட்டுக் கண்ணும் அந்த நூலோடு கழிந்துவிடும், வண்டிக்கு ஒன்றும் வராது என்று கணக்கு. தவசி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நாற்பது வாசலிலும் நின்று நூல் வாங்கினான், கோயிலுக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தொட்டிக்கு ஒன்று என்று அதையும் விடவில்லை, தன் வீட்டுக்குத் தானே ஒன்று கட்டிக்கொண்டான். அண்ணன் வீட்டு வாசலுக்கு மட்டும் போகவில்லை. போனால், எதுக்கு நூல், வண்டிக்கு என்ன புதுசு என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துபோனான்.

பக்கத்து வீடு என்றால் ஒட்டுச் சுவர். அப்பா கட்டிய வீட்டை அவர் காலத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரித்தபோது நடுச்சுவர் அண்ணன் பாகம் என்று பேச்சு. அந்தச் சுவரில் ஒரு சின்ன சன்னல் இருந்தது. அண்ணன் மனைவி உலகம்மாள் மதினி மூன்று வேளையும் அந்தச் சன்னல் வழியாகத்தான் தவசிக்குச் சோற்றுத் தட்டை நீட்டுவாள், "கொழுந்தனாரே, இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு, மூக்கப் பொத்திட்டுத் தின்னும்" என்று கேலி பேசிக்கொண்டே. ஊர் நகர்ந்த முதல் நாள் சுவரும் அவன் வீட்டுக் கூரையும் ஒரு சாண் பிரிந்தன. வாரக் கடைசியில் மதினி சன்னலுக்கு வெளியே கையை முழுசாக நீட்டித் தட்டைக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவன் இடைவெளியில் இறங்கி நின்று வாங்கினான். மாதம் முடியும்போது சுவரில்லாத பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, டீக்கடையில் புரோட்டா தின்று படுத்தான். தூரமாகப் போய்விட்டது, என்ன செய்வது என்று ஊர் அவனுக்காகப் பரிதாபப்பட்டது, அந்தப் பரிதாபம் புரோட்டாவைவிடச் செரிக்கச் சிரமமாக இருந்தது.

ஊர் என்னவோ சீக்கிரமே பழகிக்கொண்டது. வண்டி ஊரைவிட்டுக் கிளம்பிப் போகும்போதுதான் ஊர் வரும், ஊரைப் பார்த்துத் திரும்பி வரும்போது கயிறு தொய்ந்துவிடும் என்பதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார்கள். சாண் முழமாகி, முழம் ஐம்பதடியாகி, ஒரு நடைக்கு ஐம்பதடி என்று நிலைத்தபோது, ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பச் செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்டதும் பெண்கள் குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள், சவரம் செய்துகொண்டிருந்தவர்கள் பிளேடை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள், கோழிகள்கூடக் கிழக்கே பார்த்து ஒரு காலை முன்னால் ஊன்றி நிற்கப் பழகிவிட்டன. நிலம் வரவில்லை, வீடுகள்தான் வந்தன, ஆகவே காட்டு வேலைக்குப் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. அதற்கு முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால் கிழக்கே மூன்றரை கிலோமீட்டரில் நாலுவழிச் சாலை ஓடுகிறது, பஸ் அங்கேதான் நிற்கும், பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அங்கே போய்த்தான் ஏற வேண்டும் என்பதால் முணுமுணுப்பு எடுபடவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து மூன்று நாள் சங்கிலி பிடித்துவிட்டு, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிக் கொண்டுபோனார். அடுத்த மாதம் வந்து, ஊர் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில், அன்றைய தேதியில் ஊர் எங்கே இருக்கும் என்று தனியாக ஒரு வரி அடித்தார்கள். லைன்மேன் மாதம் ஒரு போஸ்ட் நட்டுக் கம்பியை நீட்டிக் கொடுத்தார்.

"எத்தனையோ பேரு வந்து ரோட்ட ஊருக்குக் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்து. "நம்ம தவசி ஊரையே ரோட்டுக்குக் கொண்டுபோறான். ரோடு தொட்டதும் மொத வேலை, இவனுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வைக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். கோயில் கொடை விழாவில் தவசிக்கு மாலை போட்டார்கள், அவன் அந்த மாலையை வாங்கும்போது குனிந்த தலையை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் ஒரு வீடு நின்றது. ஊர் விட்டுப் போன வெறுந்தரை நாற்பது சதுரமாகக் கிடக்க, அந்தக் கடைசியில் மூன்று பக்கத்துக்குச் சுவரும் நாலாவது பக்கத்துக்கு ஒட்டுச் சுவருமாகக் கோட்டைச்சாமி வீடு மட்டும் நின்றது. தண்ணீர்க் குழாய் முதல் மாதமே அறுந்தது, மின்சாரக் கம்பி மூன்றாம் மாதம். உலகம்மாள் தினமும் இரண்டு குடத்தோடு அந்த நாற்பது சதுரத்தின் வழியாக நடந்து வந்தாள். அடுப்பு இருந்த இடம் கருத்தும், பீரோ நின்ற இடத்தில் நாலு குழியும், தொட்டில் ஆடிய இடத்தில் கால் தேய்ந்த பள்ளமுமாக ஒவ்வொரு சதுரமும் யார் வீடு என்று அவளுக்குத் தெரியும், சிலசமயம் பழக்கதோசத்தில் வாசல் இருந்த பக்கமாகவே சுற்றிப் போனாள். அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. குழாயடியில் அவளைப் பார்த்ததும் வரிசை விலகும், "உலகத்துக்கு மொதல்ல விடுங்கடி, தூரம் போகணும்" என்பார்கள்.

ஒருநாள் குழாயடியில் யாரோ கேட்டுவிட்டார்கள்: "எல்லார் வீடும் வருது, உங்க வீடு மட்டும் ஏன் வரல மதினி?"

"எங்கள யாரும் கூப்பிடல" என்றாள் உலகம்மாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

தவசி குழாயடிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிப்போனது, அவன் குடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் மூன்று கிலோமீட்டர் நடந்துபோய், மதினி கொல்லைப் பக்கம் இருந்த நேரத்தில், கொடியில் காய்ந்த துண்டிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு வந்து பம்பரில் கட்டினான். உள்ளே போயிருக்கலாம். அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது, கதவு திறந்துதான் கிடந்தது, பத்தடிதான் இருந்தது. அடுத்த நாள் ஆறு மணிக்கு வண்டி கிளம்பியபோது அண்ணன் வீடு அசையவில்லை. அந்தத் துண்டு மட்டும் கொடியை விட்டுக் கழன்று, மூன்று கிலோமீட்டர் தூரம் புழுதியில் இழுபட்டு, பிக்கப் வண்டிக்குப் பின்னால் டவுன் சந்தை வரைக்கும் வந்தது. கையால் கொடுக்காத நூலுக்கு அவ்வளவுதான் பலம் என்று தெரிந்துகொண்டான். துண்டை அலசிக் காயவைத்து மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தான், அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அண்ணனைப் பார்க்கப் போவதையும் மெதுவாகக் குறைத்திருந்தான். தினமும் போனவன் வாரம் ஒருமுறை போனான், பிறகு வேலை, பிறகு காய்ச்சல், பிறகு ஒன்றுமில்லை. வண்டியில் போகவே முடியாது என்பது ஊருக்கும் அவனுக்கும் தெரிந்த விசயம்: மேற்கே போனால் ஊர் மேற்கே வரும். காட்டுக்கு ஒரு மூட்டை உரம் கொண்டுபோகக்கூட வெயிலுமுத்து விடமாட்டார். "நீ கெழக்க மட்டும் பாத்து ஓட்டுப்பா" என்பார்.

எட்டு மாதம் ஆனது. இன்னும் மூன்றே நடை இருந்தது. நாலுவழிச் சாலை ஓரத்தில் வாழை மரம் கட்டினார்கள், மைக் செட்டுக்குச் சொன்னார்கள், ஊர் ரோட்டைத் தொடுகிற அன்று நாற்பது வீட்டிலும் பொங்கல் என்று முடிவானது. அன்று சாயங்காலம் உலகம்மாள் குடத்தோடு வந்தவள் குழாயடிக்குப் போகாமல் நேரே தவசியின் தார்ப்பாய்ச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கொழுந்தனாரே என்று கூப்பிடவில்லை.

"தவசி, உங்க அண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றாள். "லாரிக்கு எப்.சி. காட்டுற தேதி வருதாம். ஒருக்கா ஓட்டியாந்து வாசல்ல நிறுத்துவியாம். பாக்கணுமாம்."

"பாக்கணும்னாரா?"

"சத்தத்தக் கேக்கணும்னாரு. பாக்கணும்னு நான்தான் சொல்லுதேன்." அவ்வளவு சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலச் செல்ஃப் சத்தம் கேட்டது. ஊர் வழக்கம்போலக் கிழக்கே சாய்ந்து உட்கார்ந்தது, கோழிகள் காலை ஊன்றின. தவசி சரக்கு ஏற்றவில்லை. வண்டியை வளைத்துத் திருப்பினான், மேற்கே பார்த்து நிறுத்தினான், கிளட்சை விட்டான். எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்த ஊர் மொத்தமும் குப்புற விழுந்தது. வெயிலுமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், "ஏலே, எங்கலே போற, உனக்கென்ன கிறுக்கா, இன்னும் மூணு நடைதான்லே" என்று கத்தினார், வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றவர் கடைசி நொடியில் விலகினார், மண் அள்ளித் தூற்றினவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தபடி பின்னோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது தவசியின் கால் ஆக்சிலேட்டரை விட்டுத் தானாகத் தூக்கிக்கொண்டது. திரும்ப அழுத்தினான். எட்டு மாதமாகப் போன தூரத்தை ஊர் ஒரு காலையில் திரும்பி வந்தது. வீடுகள் தத்தம் சதுரத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன, பீரோக் கால்கள் பழைய குழியில் இறங்கின, கடைசியாகத் தவசி வீட்டுக் கூரை ஒட்டுச் சுவரில் வந்து இடித்து நின்றது.

வண்டியை அண்ணன் வாசலில் ஓட விட்டே இறங்கினான். உள்ளே கோட்டைச்சாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார், உதடு மட்டும் எதையோ எண்ணுகிற மாதிரி அசைந்தது.

"நாலாவது சிலிண்டரு இன்னும் இருமுதுலே" என்றார் கண்ணைத் திறக்காமல். "டீசல் நாசிலப் பாக்கச் சொல்லு ஞானமுத்த."

தவசி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அண்ணே, லாரி வரலண்ணே. பிக்கப்தான். உன் இஞ்சினத்தான் அதுல வச்சிருக்கேன். உன்கிட்டக் கேக்காம எடுத்துட்டேன். லாரி மூடியத் திறந்தா உள்ள ஒண்ணும் இல்லண்ணே."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். பன்னெண்டு வருசம் அது மேல உக்காந்திருந்தவன்லே நான். காலையில நீ செல்ஃப் அடிச்சதும் இங்க என் நெஞ்சு அடிச்சுச்சு. சரி, வந்து சொல்லுவான்னு பாத்தேன்." கண்ணைத் திறந்தார். "தினமும் காலையில அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் காப்பி குடிப்பேன். நீ சொல்லல. சத்தமும் தூரமாப் போயிட்டே இருந்துச்சு. போன மாசத்துல இருந்து கேக்கவே இல்ல."

தவசி அழுதான். முப்பத்திரண்டு வயசு ஆள் அழுகிற அழுகையை வாசலில் கூடியிருந்த ஊரும் கேட்டது, அதற்காக யாரும் அவன்மேல் இருந்த கோபத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"விடுலே" என்றார் கோட்டைச்சாமி. "சொல்லிட்டேல்ல. எடுத்துக்கோ. நான் ஏறி ஓட்டவா போறேன்?" அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயாலேயே சொன்னது அன்றுதான், சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சொல்ல வைத்துவிடக் கூடாது என்றுதானே எல்லாம் செய்தோம் என்று தவசிக்குத் தோன்றியது, தோன்றியதும் அதுவும் பொய் என்று தெரிந்தது. வண்டி வேண்டியிருந்தது, எடுத்தான்.

அடுப்படி நிலையில் உலகம்மாள் நின்றிருந்தாள்.

"அவரு குடுப்பாரு, அவரு குணம் அப்படி" என்றாள். "நான் குடுக்கல. எட்டு மாசம் நான் நடந்த நடைக்கு யாரு சொல்லணும், விடுன்னு? இறக்கு. இந்த வாசல்ல இறக்கி வச்சுட்டுப் போ."

ஞானமுத்து டவுனிலிருந்து சங்கிலிக் கப்பியும் மூன்று கம்பமுமாக வந்தார். கேட்டேன் என்று தவசி சொன்ன பொய்யை அவர் நினைவுபடுத்தவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். மத்தியானத்துக்குள் இஞ்சின் சங்கிலியில் தொங்கி, எண்ணெய் சொட்டிக்கொண்டு, கோட்டைச்சாமி படுக்கிற அறைச் சன்னலுக்குக் கீழே இரண்டு கட்டைகள்மேல் இறங்கியது. ஞானமுத்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிக்கப் மூக்கு திறந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துட்டுப் போ" என்றாள் உலகம்மாள்.

தெருக் கடைசியில், பொட்டலில்தான் இடம் இருந்தது. தவசி கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுத் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். வண்டி அசைய மறுத்து, பிறகு அசைந்தது. நாற்பது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நேற்றுவரைக்கும் அவன் செல்ஃப் அடித்தால் சட்டியை இறக்கி வைத்தவர்கள், கொடையில் மாலை போட்டவர்கள், பெண் பார்க்கிறேன் என்றவர்கள், ஒருவர்கூடப் படியிறங்கவில்லை. வெயிலுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கல்லூரிப் பெண் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இனி அவள் மூன்றரை கிலோமீட்டர் நடந்துதான் பஸ் ஏற வேண்டும். தவசி யாரையும் பார்க்காமல் தள்ளினான். கோயில் முன்னால் மணலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது. அவன் தோளைக் கொடுத்தான், முட்டியைக் கொடுத்தான், செருப்பு அறுந்தது, வெறுங்காலை மணலில் ஊன்றிப் பல்லைக் கடித்து இன்னொருமுறை தள்ளியபோது, வண்டி சட்டென்று இலேசாகி மணலைவிட்டு ஏறியது.

ஏன் இலேசானது என்று திரும்பிப் பார்த்தான். இடுப்பில் வெறுங்குடமும், மற்றக் கை வண்டியின் பின்கதவிலுமாக, தலையைக் குனிந்து உலகம்மாள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மதினி..." என்றான்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள் அவள். "முன்னால பாத்துத் தள்ளு."